இடைவேளையில் கோவில்பட்டி: விடுதி வரை வெற்றி, கல்லூரிக்குப் பின் கேள்வி

2022 மே 23. ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியாவுக்கு முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. ஒன்பதாவது நிமிடத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி செல்வம். சீனியர் அணிக்காக அவர் களம் இறங்கிய முதல் நாள் அது. அரியலூர்ப் பையன், ஆனால் ஆட்டம் செதுக்கப்பட்டது கோவில்பட்டி விளையாட்டு விடுதியில். அதே அணியின் நடுக்களத்தில் மாரீஸ்வரன் சக்திவேல், கோவில்பட்டிக்காரர். பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுப் பெயரே இல்லாமல் கிடந்த இந்திய அணிப் பட்டியலில் ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்கள். சர்தார் சிங் பயிற்சியில் போன அந்த இளம் அணி, ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலத்தோடு திரும்பியது. அதே மே மாதம் கோவில்பட்டி கிருஷ்ணா நகர் மைதானத்தில் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி நடந்துகொண்டிருந்தது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன ஊரை ‘ஹாக்கிப்பட்டி’ என்று பத்திரிகைகள் எழுதியது வீண்புகழ்ச்சி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த மாதம் அது.

அதற்குப் பிறகு?

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல் முறையாக 24 அணிகள். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மதுரை. இந்தியா அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தி வெண்கலம் வென்றது. அந்த இந்திய அணியில் தமிழ்நாட்டு வீரர் ஒருவர்கூட இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் அணியிலும் இல்லை, பாரீஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. ஜகார்த்தாவில் திறந்த கதவு அகலத் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் மறுபடி ஒருக்களித்து நிற்கிறது.

கோவில்பட்டியில் கோடையில் நடக்கும் லட்சுமி அம்மாள் கோப்பை முடிந்து, பல்கலைக்கழகப் போட்டிகள் சூடு பிடிக்கும் முன் வரும் இடைவெளி, இந்த ஊர் ஹாக்கியை நிதானமாக எடைபோட ஏற்ற காலம். இடைவேளையில் பயிற்சியாளர் வீரர்களைச் சுற்றி உட்காரவைத்து எது சரி, எது தப்பு என்று பேசுவார். அப்படிப் பேசினால் கோவில்பட்டியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அடித்தளம் அவ்வளவு உறுதியாக இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஒரு பையன் கையில் முதலில் ஏறுவது கிரிக்கெட் மட்டை. கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள பாண்டவர்மங்கலம், இலுப்பையூரணி, திட்டங்குளம் போன்ற ஊர்களிலும் அண்ணன் விட்ட ஹாக்கி மட்டையைத் தம்பி எடுத்துக்கொள்வான். பஞ்சாலைகள் வளர்ந்த காலத்திலேயே இங்கே ஹாக்கியும் வளர்ந்தது. ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் ஆடினார்கள். அவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆடினார்கள். வ.உ.சி. அரசு மேல்நிலைப் பள்ளி மைதானம் அப்படித் தலைமுறைகளைக் கண்ட இடம். இதற்கு மேல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதி. உணவு, தங்குமிடம், சீருடை, படிப்பு, காலையும் மாலையும் பயிற்சி என்று ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஹாக்கியைச் சாத்தியமாக்கியது இந்த விடுதிதான். தாயும் தகப்பனும் தீப்பெட்டி ஆலைக்கும் காட்டு வேலைக்கும் போகும் வீட்டில், சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள கார்பன் மட்டையை யார் வாங்கித் தருவது?

கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி இன்னொரு பலம். கோடை இரவுகளில், மின்விளக்கு வெளிச்சத்தில், ரயில்வே, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் ஆயில், கடற்படை போன்ற அணிகள் இங்கே வந்து ஆடியிருக்கின்றன. தொலைக்காட்சியில் பார்த்த ஒலிம்பிக் வீரரைத் தன் ஊர்ப் புழுதியில் நடந்து போகப் பார்க்கிறான் பத்து வயதுப் பையன். கேலரியில் இருப்பவர்களும் சும்மா கைதட்டிப் போகும் கூட்டம் கிடையாது. நடுவர் காட்டும் பச்சை அட்டைக்கு எத்தனை நிமிடம் வெளியே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், எந்தப் பின்கள வீரர் தூங்குகிறார் என்று சத்தம் போட்டுச் சொல்பவர்கள். இந்த மாதிரி ஒரு பார்வையாளர் கூட்டத்தைப் பணம் கொடுத்து உருவாக்க முடியாது.

ஆட்டத்தின் பலம் என்ன? பந்தைக் கட்டுப்படுத்தும் கை. கரிசல் மண் மழைக்குக் காலில் அப்பிக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் ஹாக்கி ஆட முடியாது. செம்மண்ணும் சரளும் கொட்டி அமுக்கிய தரையில்தான் இங்கே முதல் பாடம். அந்தத் தரையில் பந்து எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. அதை நிறுத்திப் பழகிய பையனுக்கு, வழவழப்பான டர்ஃபில் முதல் தொடுகை எளிதாக வந்துவிடுகிறது. ஒருவரை டாட்ஜ் செய்து கடப்பது, ரிவர்ஸில் பந்தை இழுப்பது, ‘டி’க்குள் குறுகிய இடத்தில் புகுவது ஆகிய மூன்றிலும் கோவில்பட்டிப் பிள்ளைகள் நாட்டில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஜகார்த்தாவுக்குப் போன இருவரில் ஒருவர் முன்களம், இன்னொருவர் நடுக்களம் என்பதும் இதோடு பொருந்திப் போகிறது.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைய ஹாக்கி டிரிப்ளிங்கை மட்டும் நம்பி வெல்லும் ஆட்டமாக இல்லை. பாரீஸில் இந்தியா வெண்கலம் வென்றபோது அடித்த 15 கோல்களில் 10 கோல் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்குடையது. பெனால்டி கார்னரும் பெனால்டி ஸ்ட்ரோக்கும் தந்தவை. மட்டையில் பந்தை ஒட்டி இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் இன்று தனி வித்தை. அதற்குத் தனிப் பயிற்சியாளர், தனி உடற்பயிற்சி, நாள்தோறும் நூற்றுக்கணக்கான வீச்சு வேண்டும். அதோடு பந்தைத் தள்ளிவிடுபவர், நிறுத்துபவர் என்று ஒரு சிறு குழுவே ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பழக வேண்டும். கோவில்பட்டி முன்கள ஆட்டக்காரரைத் தானாக விளைவிக்கிறது. டிராக் ஃபிளிக்கரையும் கோல்கீப்பரையும் அப்படித் தானாக விளைவிக்க முடியாது. கோல்கீப்பருக்கு வேண்டிய கவசங்களின் விலையே ஏழைப் பையனை அந்த இடத்திலிருந்து விரட்டிவிடும். ஊரில் எல்லாப் பையனும் ஃபார்வர்டு ஆட விரும்புவதில் வியப்பில்லை.

டர்ஃபும் ஒன்றே ஒன்றுதான். விடுதிப் பிள்ளைகள், பள்ளிகள், கிளப்புகள், கல்லூரிகள் எல்லோரும் அந்த ஒரு களத்தின் நேரத்தைப் பங்கிட வேண்டும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து உலக ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. சரளில் ஆடி வளர்ந்தவர் டர்ஃபில் வேகத்துக்குப் பழக மாதங்கள் ஆகும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் டர்ஃப் கிடைத்தால் அந்த மாதங்கள் வருடங்களாகும். தண்ணீர் இன்னொரு தலைவலி. டர்ஃபை ஆட்டத்துக்கு முன் நனைக்க ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான லிட்டர் தேவை. கோவில்பட்டியோ சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வாழும் வானம் பார்த்த சீமை. குறைந்த தண்ணீரில் ஆடும் தரையைப் பாரீஸில் பயன்படுத்தினார்கள். கோவில்பட்டியில் அடுத்த தரை போடும்போது அந்த வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இங்கே அது வசதிக்காகக் கேட்பது ஆகாது, பிழைப்புக்காகக் கேட்பது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வயதில் இருக்கிறது. பதினெட்டிலிருந்து இருபத்து மூன்று வரை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விடுதிப் பையன் வெளியே வருகிறான். அதுவரை அவனுடைய நாள் முழுவதும் ஹாக்கிக்காக அமைந்திருந்தது. இனி கல்லூரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும், கட்டணச் சலுகை கிடைக்கும். மைதானத்துக்குப் போக மாலை நாலரை மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடிக்கும் வாலிபாலுக்கும் தடகளத்துக்கும் ஹாக்கிக்கும் பொறுப்பு. கல்லூரிகளுக்கிடையேயான போட்டி அறிவிப்பு வந்த பிறகு அணி சேர்கிறது, சில வாரம் ஓடுகிறது, ‘நாக்அவுட்’ முறையில் ஒரு தோல்வியோடு வீடு திரும்புகிறது. நவம்பரில் செமஸ்டர் தேர்வு, ஏப்ரலில் இன்னொன்று. பத்தொன்பது வயதில் வாரம் ஒரு கடுமையான ஆட்டம் ஆடியிருக்க வேண்டிய ஒருவனுக்கு, ஓர் ஆண்டில் கிடைக்கும் உண்மையான போட்டி ஆட்டங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

இதில் கோவில்பட்டிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரே தெருவில், ஒரே மட்டையில் ஆடி வளர்ந்த இரண்டு பேரில் ஒருவன் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரியில் சேர்ந்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக வட்டம். இன்னொருவன் நேஷனல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் அண்ணா பல்கலைக்கழக வட்டம். ஒருவருக்குப் பந்து எங்கே வரும் என்று மற்றவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எட்டு வருடம் சேர்ந்து ஆடிய அந்தப் புரிதல் கல்லூரிச் சேர்க்கை நாளோடு அறுந்துவிடுகிறது. திறமை மிகுந்த இன்னும் சிலர் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே லீக் இருக்கிறது, டர்ஃப் இருக்கிறது, நிறுவன அணிகளின் கண் இருக்கிறது.

பஞ்சாபைப் பார்த்தால் வேறுபாடு புரியும். அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகமும் சண்டிகர், பாட்டியாலா பல்கலைக்கழகங்களும் விளையாட்டை ஒரு துறையாகவே நடத்துகின்றன. விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்குத் தரும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை அந்தப் பக்கமே அதிகம் போவது அதனால்தான். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டம் கோவில்பட்டிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். அதுவும் ஏழை மாவட்டம். அங்கும் குழந்தைகள் ஊர்த் திடலில்தான் தொடங்குகிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய திலீப் திர்க்கியும் அமித் ரோகிதாஸும் சவுனாமரா என்ற ஒரே கிராமத்துக்காரர்கள். ஆனால் அங்கே விடுதிக்குப் பிறகும் கை விடப்படுவதில்லை. ஒன்றியம்தோறும் செயற்கைத் தரை அமைக்கும் திட்டம், ரூர்கேலாவில் 2023 உலகக் கோப்பைக்குக் கட்டிய பிர்சா முண்டா அரங்கம், மாநில அரசே இந்திய அணிக்குக் கொடுக்கும் ஆதரவு என்று சங்கிலி அறுபடாமல் நீள்கிறது.

தமிழ்நாட்டிலும் சங்கிலியின் மறுமுனை இருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. மறுபிறவி எடுத்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி. அதில் கார்த்தி ஆடினார். 2023-இல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு கர்நாடகத்தை வென்று மூன்றாம் இடம் பிடித்தது. எனவே மாநிலத்தில் ஆட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த முனைக்கும் கோவில்பட்டி விடுதிக்கும் நடுவில் இருக்கும் ஐந்து வருடம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. நல்ல ஆட்டக்காரன் அந்த ஐந்து வருடத்தில் பட்டாசு ஆலைக் கணக்கராகவோ, திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளப்புக்கு ஆடுகிறான். ஊருக்கு அது தினசரிக் காட்சி என்பதால் இழப்பு என்றுகூடத் தோன்றுவதில்லை. இழப்புதான், பெரிய இழப்பு.

பெண்கள் பக்கம் இன்னும் பின்தங்கியிருக்கிறது. டோக்கியோவில் நான்காம் இடம் வந்த இந்தியப் பெண்கள் அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இல்லை. ஆண்களை வளர்த்த அதே அக்கறையில் பாதியைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலே பத்தாண்டில் கதை மாறும்.

அப்படியானால் இரண்டாம் பாதியில் என்ன செய்வது? கோடிகள் தேவைப்படாத வேலையிலிருந்து தொடங்கலாம். கோவில்பட்டிக் கல்லூரிகளும் ஊர்க் கிளப்புகளும் சேர்ந்து ஜூலை முதல் அக்டோபர் வரை ஒரு லீக். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட வேண்டிய லீக், டர்ஃபில், வாரம் இரண்டு மாலை. பல்கலைக்கழக எல்லை அதில் குறுக்கே வராது. கோல்கீப்பர் கவசங்களை எந்தக் கிளப்பும் தனியாக வாங்கத் தேவையில்லை. லீக் வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். வாரத்தில் ஒரு காலைப் பொழுதை டிராக் ஃபிளிக்குக்கு மட்டும் ஒதுக்கட்டும். ரயில்வேயிலும் வங்கிகளிலும் ஆடி ஓய்வுபெற்ற கோவில்பட்டிக்காரர்களைக் கூப்பிட்டால் சொல்லிக்கொடுக்க வராமலா போவார்கள்?

அந்த லீக்கிலிருந்து பதினெட்டுப் பேரைப் பொறுக்கி, ‘கோவில்பட்டிக் கல்லூரிகள்’ என்ற பெயரில் ஓர் அணியாக்கி, அடுத்த மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பையில் இறக்கட்டும். முதல் ஆட்டத்திலேயே ரயில்வேயிடம் ஆறு கோல் வாங்கினாலும் பரவாயில்லை. எந்த ஆறு கோல், யார் விட்ட இடம், எதில் பெனால்டி கார்னர் தடுப்பு உடைந்தது என்று மறுநாள் காலை மைதானத்தில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு முன்னால் ஒரு முழு ஆண்டு இருக்கும்.