சூடம் அணைத்த சத்தியமும் நோட்டரி முத்திரையும்

கடன் வழக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார் பிரதிவாதி. ரசீது இல்லை, சாட்சியும் இல்லை. "அம்மன் சன்னதியில் சூடம் அணைத்து அவர் சத்தியம் பண்ணட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன்" என்கிறார் வாதி. இன்றைய நீதிமன்றத்தில் இந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1969 வரை இருந்தது.

1873-ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் முன்வரலாம். எதிராளி இசைந்தால், கோயிலிலோ வேறு இடத்திலோ போய்ச் சத்தியம் வாங்கிவர நீதிமன்றம் ஒருவரை ஆணையராக அனுப்பும். அந்தச் சத்தியத்தில் சொன்னது, கட்டுப்படுவதாக ஒப்பியவருக்கு எதிராக முடிந்த முடிவான சான்று. மறு விசாரணை கிடையாது. சத்தியம் செய்ய மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எந்தச் சத்தியத்தைக் கேட்டார்கள், அவர் ஏன் மறுத்தார் என்பதை நீதிமன்றம் எழுதி வைக்கும்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. சத்தியம் மூன்றாம் மனிதரைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் பிள்ளையைத் தாண்டியும், பிள்ளை தலையில் அடித்தும் சத்தியம் வாங்குவார்கள். நீதிமன்றம் அதை ஏற்காது. பெரியவர்கள் வழக்கில் குழந்தையின் தலையைப் பணயம் வைக்கக் கூடாது என்பதில் சட்டம் உறுதியாக இருந்தது.

இருந்தாலும் அந்த முறை போனது நல்லதே. சாமிக்கு அஞ்சாத பொய்யர் துணிந்து சூடத்தை அணைத்துவிட்டு வழக்கை வென்றுவிடலாம். மெய்யோ பொய்யோ, சத்தியம் பண்ணுவதே பாவம் என்று நினைக்கும் மனிதர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் தயங்கி நின்றால், நியாயம் அவர்கள் பக்கமே இருந்தாலும் மறுத்தார்கள் என்ற பதிவுதான் மிஞ்சும். பயந்தவருக்கு நட்டம், துணிந்தவருக்கு லாபம் என்பது நீதியாகாது.

1969-ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் அந்தப் பிரிவுகளைக் கைவிட்டது. இப்போது கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு. கீதைமேல் கை வைப்பதெல்லாம் சினிமாவில்தான். கங்கை நீரையும் குர்ஆனையும் கொண்டு பிரமாணம் வாங்குவதைக் கம்பெனி ஆட்சியே 1840-இல் நிறுத்திவிட்டது. பதவியேற்பிலும் இதே தேர்வு உண்டு. 1967-இல் அண்ணா அமைச்சரவை கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுத்ததும், 2021-இல் மு.க. ஸ்டாலின் உளமார உறுதி கூறியதும் அரசமைப்பு தந்த உரிமையால்தான். 1969 சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. பிரமாணம் எடுக்க விடுபட்டுப்போனாலும் சாட்சி உண்மை சொல்லக் கடமைப்பட்டவரே.

சாமி பயத்தின் இடத்தில் சட்ட பயம் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால் ஏழாண்டு வரை சிறை என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அதே ஏழாண்டுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர் தாமாகவே அதற்கு வழக்குப் போட முடியாது. நீதிமன்றம்தான் புகார் செய்ய வேண்டும். மூல வழக்குகளையே முடிக்க நேரமில்லாத நீதிமன்றங்கள் அதை அரிதாகவே செய்கின்றன. நீதிமன்ற வாசலில் டைப் அடித்த பிரமாணப் பத்திரத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் இது தெரியும். நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் போதும் என்று போய்விடுகிறார்கள்.

அப்படியும் மக்களுக்கு மிகவும் பயன்படுவது ஒரு பிரமாணப் பத்திரம்தான். 2002, 2003-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, தேர்தலில் நிற்பவர்கள் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். அதில் பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை என்பது போதவே போதாது; கூட்ட வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்களிக்கப் போகுமுன் உங்கள் தொகுதி வேட்பாளர்களின் பத்திரங்களைப் படியுங்கள். உங்கள் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் வந்தால், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.