பாடல் உரிமைச் சிக்கலைத் தாண்டி டிவிடிக்கு வந்த ‘மியாமி வைஸ்’: இன்று பார்ப்போருக்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1984 செப்டம்பர் 16-ஆம் தேதி தொடங்கிய ‘மியாமி வைஸ்’ காவல்துறைத் தொடர், 5 சீசன்கள் ஓடி 1989-இல் முடிவுக்கு வந்தது. அதன் முதல் சீசன் டிவிடியாக வெளிவந்தது 2005 பிப்ரவரியில். ஐந்து சீசன்களும் வந்து சேர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு தொடர் வீட்டு அலமாரிக்கு வர இத்தனை காலம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், அதற்குப் புகழ் தேடித் தந்த பாடல்களே.

‘வைஸ்’ என்பது போதைப்பொருள், சூதாட்டம், பாலியல் தொழில் போன்ற குற்றங்களைக் கவனிக்கும் காவல் பிரிவைக் குறிக்கும் சொல். மியாமி நகரின் அப்பிரிவில் கடத்தல்காரர்களாக வேடமிட்டு உளவு பார்க்கும் சன்னி கிராக்கெட், ரிக்கார்டோ டப்ஸ் என்ற இரு துப்பறிவாளர்களின் கதை இது. டான் ஜான்சனும் பிலிப் மைக்கேல் தாமஸும் அந்தப் பாத்திரங்களில் நடித்தனர். தொடரை உருவாக்கியவர் ஆண்டனி யெர்கோவிச். நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்து அதற்கு முகமும் நிறமும் கொடுத்தவர், பின்னாளில் ‘ஹீட்’ திரைப்படத்தை இயக்கிய மைக்கேல் மான்.

பாடல்கள் எப்படித் தடையாயின?

அதுவரை அமெரிக்கக் காவல் தொடர்களில் பின்னணி இசை பெரும்பாலும் வாத்தியக் குழு வாசித்ததாகவே இருக்கும். பிரபல பாடல் தேவைப்பட்டால் வேறொருவரைப் பாடவைத்துச் செலவைக் குறைப்பதும் உண்டு. ‘மியாமி வைஸ்’ அசல் ஒலிப்பதிவுகளையே பணம் கொடுத்து வாங்கியது. ஆனால் ஒரு பாடலுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: மெட்டும் வரிகளும் இசைப் பதிப்பகத்துக்கு உரியவை, பாடகர் குரலில் உள்ள ஒலிப்பதிவு இசைத்தட்டு நிறுவனத்துக்கு உரியது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் காட்சியுடன் பாடலைச் சேர்க்க முடியும். 1980-களில் தொலைக்காட்சிகள் பெற்ற அனுமதி பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டுமே. முழு சீசன்களைப் பெட்டியாக விற்கும் காலம் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

ஆக, டிவிடி வெளியிட வேண்டுமானால் ஒவ்வொரு பாடலுக்கும் மறுபடி பேரம் பேச வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் பாடலை எடுத்துவிட்டு ஏதோ ஓர் இசையைப் போட்டு நிரப்ப வேண்டியதுதான். வானொலி நிலையத்தைக் களமாகக் கொண்ட ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ என்ற நகைச்சுவைத் தொடருக்கு அதுதான் நேர்ந்தது. 2007-இல் வந்த அதன் முதல் சீசன் டிவிடியில் பல பாடல்கள் மாற்றப்பட்டிருந்ததால் ரசிகர்கள் கொதித்தனர். ‘தி ஒண்டர் இயர்ஸ்’ தொடரின் முழுத் தொகுப்பு வர 2014 ஆயிற்று. அங்கும் இதே சிக்கல்.

‘மியாமி வைஸ்’ தொடரில் பாடலை மாற்றுவது, கட்டிடத்தின் தூணை உருவுவதற்குச் சமம். முதல் பகுதியில் ஓர் இரவுக் காட்சி. இரு நாயகர்களும் போதைப்பொருள் தலைவன் ஒருவனைப் பிடிக்கக் காரில் செல்கிறார்கள். ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாடல் மெல்லத் தொடங்குகிறது. தெருவிளக்குகள் காரின் மீது வழுக்கிச் செல்கின்றன. டப்ஸ் துப்பாக்கியில் தோட்டா நிரப்புகிறான். வழியில் தொலைபேசிக் கூண்டில் நிறுத்தி, பிரிந்திருக்கும் மனைவியிடம் தாங்கள் வாழ்ந்த வாழ்வு உண்மையானதுதானா என்று கேட்கிறான் கிராக்கெட். பிறகு கார் கிளம்புகிறது. கதையை நகர்த்தும் உரையாடல் ஏறக்குறைய எதுவும் இல்லை. சாவை நோக்கிப் போகக்கூடிய இரண்டு பேரின் மனநிலை முழுவதையும் அந்தப் பாடலே சுமக்கிறது. அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது கார் ஓடும் காட்சி மட்டுமே. அது டிவிடியில் அப்படியே இருக்கிறது என்பதே ரசிகர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வாங்கிய பாடல்கள் பாதி என்றால், மீதிப் பாதி ஜான் ஹாமர். பிராகில் பிறந்த இவர், நியூயார்க் மாநிலத்தில் தம் வீட்டிலேயே அமைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாக, சின்தசைசரில் தனியாளாக இசையமைத்தார். தொடரின் இசைத் தொகுப்பு 1985-இல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் முகப்பிசை, ஒரு வரிகூடப் பாடப்படாமல், அதே ஆண்டு நவம்பரில் பாடல்கள் பட்டியலிலும் முதலிடம் ஏறியது. ஹாமருக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. இவர் 1970-களில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பது இந்திய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. கடம் வித்வான் விக்கு விநாயக்ராமுடன் ‘சக்தி’ குழுவை நடத்திய அதே மெக்லாக்லின்தான்.

அரசுச் சொத்தான ஃபெராரி

சம்பளக்காரக் காவலர் ஃபெராரி காரில் வந்து, பாய்மரப் படகில் குடியிருந்து, ‘எல்விஸ்’ என்ற முதலையை வளர்ப்பது எப்படிச் சாத்தியம்? தொலைக்காட்சி நிர்வாகி பிராண்டன் டார்டிகாஃப் ஒரு துண்டுச் சீட்டில் ‘எம்டிவி காவலர்கள்’ என்று எழுதியதில்தான் தொடர் பிறந்தது என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. யெர்கோவிச் சொன்ன காரணம் வேறு: கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த சொத்துகளைக் காவல்துறையே பயன்படுத்த இடமளிக்கும் சட்டம் பற்றிப் படித்தபோது அவருக்கு இக்கரு தோன்றியது. காரும் படகும் உடையும் பறிமுதலில் வந்தவை; வேடத்துக்குத் தேவையானவை. தொடர் ஒளிபரப்பைத் தொடங்கிய அடுத்த மாதமே, பறிமுதல் பணத்தில் உள்ளூர்க் காவல்துறைக்கும் பங்கு தரும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. குற்றம் நிரூபணமாகும் முன்பே சொத்தைப் பறிப்பது நியாயமா என்ற வழக்காடல் அங்கே இன்றுவரை ஓயவில்லை. தொடர் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. காரை ரசித்துவிட்டுக் கடந்துவிட்டது.

அந்தக் காரும் அசல் இல்லை. முதல் இரண்டு சீசன்களில் ஓடிய கறுப்பு ‘டேடோனா’, செவர்லே கார்வெட் காரின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய நகல். ஃபெராரி நிறுவனம் இதை ரசிக்கவில்லை. பின்னர் அசல் ‘டெஸ்டரோசா’ கார்கள் வந்தன; மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் நகல் கார் ஏவுகணையால் தகர்க்கப்பட்டது. அப்பகுதியின் வில்லன், அன்று அதிகம் அறியப்படாத லியாம் நீசன்.

மியாமியின் மறுபக்கம்

தொடர் தொடங்கியபோது மியாமி ஒன்றும் கனவு நகரமாக இல்லை. 1980-இல் மட்டும் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் ஃபுளோரிடாவுக்கு வந்து இறங்கினர். அதே ஆண்டில் இனக் கலவரம் மூண்டது. கோகெய்ன் பணமும் கொலைகளும் நகரின் பெயரைக் கெடுத்திருந்தன. இப்போது சுற்றுலாப் பயணிகள் குவியும் சவுத் பீச், அன்று ஓய்வூதியர்கள் வாழும் சிதிலமான விடுதிகளின் வரிசை. அங்குள்ள 1930-களின் ‘ஆர்ட் டெகோ’ கட்டிடங்களை இடிக்கவிடாமல் போராடிய பார்பரா கேபிட்மன் போன்றோரின் முயற்சியால் அப்பகுதி 1979-இல் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் சேர்ந்தது. மான் அங்கே கேமராவைக் கொண்டுபோனார். பழுப்பு, செம்மண் போன்ற நிறங்கள் வேண்டாம் என்பது அவர் விதி. இளஞ்சிவப்பும் வெளிர்நீலமும் கடல்பச்சையும் திரையை நிறைத்தன.

இந்தப் பளபளப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, மறுபடி பார்க்கும்போது தொடரின் சோகம் வியப்பளிக்கலாம். நல்லவர்கள் அடிக்கடி தோற்கிறார்கள். புரூஸ் வில்லிஸ் ஆயுத வியாபாரியாக வரும் ‘நோ எக்ஸிட்’ பகுதியில், பாடுபட்டுப் பிடித்த குற்றவாளியை அரசின் இன்னொரு துறையே வந்து விடுவிக்கிறது. இரண்டாம் சீசனின் ‘அவுட் வேர் தி பஸஸ் டோன்ட் ரன்’ பகுதியில், பழைய வழக்கொன்றை விடாது துரத்தும் ஓய்வுபெற்ற காவலராக புரூஸ் மெக்கில் நடித்துள்ளார். அதன் கடைசி நிமிடங்களைப் பற்றி இங்கே சொல்வது பார்க்காதவர்களுக்குச் செய்யும் துரோகம். ஒரே ஒரு பகுதிக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

தொடரின் உண்மையான பலம் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் என்றும் சொல்லலாம். கறுப்பு உடையில், தாழ்ந்த குரலில், எதிரிலிருப்பவரின் முகம் பாராமல் பேசும் லெப்டினன்ட் காஸ்டியோவாக 1985-இல் எம்மி விருது வென்றார். வண்ணங்கள் கூச்சலிடும் சட்டகத்தில் அசையாமல் நிற்கும் ஒரே மனிதர் அவர்.

எல்லாம் காலத்தைத் தாண்டவில்லை. ஜீனா, ட்ரூடி என்ற பெண் துப்பறிவாளர்களுக்குப் பெரும்பாலும் பாலியல் தொழிலாளி வேடமே தரப்படுகிறது. தென் அமெரிக்கர் என்றாலே கடத்தல்காரர் என்ற வார்ப்பும் உறுத்துகிறது. மூன்றாம் சீசனில் நிறங்கள் இருண்டன. ‘டாலஸ்’ தொடருடன் ஒரே நேரத்தில் மோதவிட்டதால் பார்வையாளர்களும் குறைந்தனர். நான்காம் சீசனில் வேற்றுக்கிரகக் கதையுடன் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வருகிறார். அந்தப் பகுதியைத் தவிர்ப்பதால் எவருக்கும் நட்டமில்லை. அதே சீசனின் இறுதியில், நினைவிழந்த கிராக்கெட் தன் கடத்தல்காரன் வேடத்தையே நிஜமென நம்பிவிடுவது மட்டும் நல்ல கற்பனை. முதல் இரண்டு சீசன்களை முழுதாகவும், மற்றவற்றைத் தேர்ந்தெடுத்தும் பார்ப்பதே உசிதம்.

எந்த வட்டை வாங்கலாம்?

35 மி.மீ. ஃபிலிமில் படமான தொடர் என்பதால் அதிலிருந்து உயர்தரப் பிரதி எடுக்க வழியிருந்தது. மில் கிரீக் நிறுவனம் 2016-இல் முழுத் தொடரையும் புளூ-ரேயில் வெளியிட்டது. ஸ்டீரியோ ஒலியில் ஒளிபரப்பான தொடக்ககால அமெரிக்கத் தொடர்களுள் இதுவும் ஒன்று; அன்று ஒற்றை ஒலிபெருக்கிப் பெட்டியில் பார்த்தவர்கள் கேட்காத இசை நுணுக்கங்களை இப்போது கேட்க முடியும். படம் பழைய 4:3 சட்டகத்தில் வருவதால் இன்றைய அகன்ற திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் இருக்கும். அவற்றைப் போக்கப் படத்தை இழுத்து நிரப்பினால், மான் கணக்கிட்டு வைத்த சட்டகம் குலைந்துவிடும்.

இந்தியாவில் வாங்குவோர் கவனிக்க வேண்டியது மண்டலக் குறியீடு. டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. புளூ-ரேயில் அமெரிக்கா ‘ஏ’, இந்தியா ‘சி’. அமெரிக்க மண்டலத்துக்கென்று பூட்டப்பட்ட வட்டு, இங்கு விற்கும் சாதாரணக் கருவியில் ஓடாது. பின்னட்டையில் அச்சிட்டுள்ள குறியீட்டைப் பார்த்தோ, எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவியை வைத்துக்கொண்டோ வாங்கினால் பணம் வீணாகாது.