கோடை விடுமுறையும் கணிதப் பயிற்சியும்

கோடை விடுமுறை என்றவுடன் நம் இல்லங்களில் எழும் முதற்பேச்சு ஊர்ப்பயணத்தைப் பற்றியதே. பயணச்சீட்டுக் கிடைத்ததா, தாத்தா பாட்டிக்கு என்ன வாங்கிச் செல்வது, கோயில் திருவிழாவுக்கு முன்பே போய்ச் சேர இயலுமா என்னும் கவலைகளுக்கிடையே, மூட்டை முடிச்சுகளில் இடம் பெறாமல் போவது பிள்ளைகளின் கணக்குப் புத்தகம். அதனைப் பெரிய குற்றமாகக் கூறுவதற்கில்லை. ஆண்டு முழுவதும் பிறமொழிச் சூழலில் வளரும் குழந்தைகள், சொந்த ஊர்த் தெருவில் ஓடியாடுவதும் கல்வியின் ஒரு பகுதியே. எனினும், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

தில்லி போன்ற வடபுல நகரங்களில் மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகள் ஏப்ரலில் புதிய வகுப்பைத் தொடங்கி, மே மாத நடுவில் விடுமுறை விடுகின்றன. பத்தாம் வகுப்புப் பாடம் வேரூன்றுவதற்கு முன்பே இடைவெளி வந்துவிடுகிறது. ஜூலையில் பள்ளி திறந்தவுடன் இருபடிச் சமன்பாடும் வடிவொத்த முக்கோணங்களும் காத்து நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் கற்ற காரணிப்படுத்துதல் மறந்துபோன பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு ஏறா மலையாகத் தோன்றும். உண்மையில் அதற்குத் தெரியாதது புதிய பாடமன்று. பழைய படி ஒன்று வழுக்கிவிட்டது. ஆனால் பிள்ளை அவ்வாறு எண்ணுவதில்லை. 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவு நிலைத்துவிட்டால், பதினோராம் வகுப்பில் எப்பாடத்தை எடுப்பது என்பதையும் அதுவே தீர்மானித்துவிடும்.

மதிப்பெண் நோக்கிலும் இது சிறிய செய்தியன்று. 2024-25ஆம் கல்வியாண்டின் பத்தாம் வகுப்புப் பாடத்திட்டத்தில், 80 மதிப்பெண்ணுக்கான கணிதத் தேர்வில் இயற்கணிதத்துக்கு 20, வடிவியலுக்கு 15 என ஒதுக்கப்பட்டிருந்தன. எழுத்துத் தேர்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இவ்விரண்டையே சார்ந்துள்ளது.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவாற்றலைப் பற்றித் தம்மையே சோதித்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றது முதலில் விரைந்தும், பின்னர் மெல்லவும் மறக்கிறது என்பதும், ஒரே நாளில் பன்முறை படிப்பதைவிட நாள் விட்டு நாள் படிப்பது நிலைக்கும் என்பதும் அவர் கண்டவை. ஆதலின் விடுமுறையின் கடைசி வாரத்தில் புத்தகத்தை விரித்து இரவு பகலாகப் பாடுபடுவதில் பயன் குறைவு. நாள்தோறும் அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகவே இருக்கட்டும்.

முதற்செயல், பிழையின் வகையை அறிதல். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வின் வினாத்தாளை மீண்டும் எழுதச் செய்யுங்கள். மதிப்பெண் இட வேண்டா; எங்கெங்கே தவறுகிறது என்று மட்டும் குறியுங்கள். (அ + இ)² என்பதை அ² + இ² என எழுதுவது மாணவர் பலர் செய்யும் தவறு. அதைத் திருத்த அதட்டல் வேண்டியதில்லை; அ = 3, இ = 4 எனப் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். ஒருபுறம் 49, மறுபுறம் 25. விடுபட்ட 24 என்பது 2அஇ என்னும் உறுப்பே என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். தானே கண்டது மறப்பதில்லை.

இரண்டாவது, கணக்குகளைக் கலந்து கொடுத்தல். ஒரே வகைக் கணக்கை இருபது முறை போட்டால் கை பழகும், அறிவு உறங்கும். நாளொன்றுக்கு ஐந்து கணக்குப் போதும்: காரணிப்படுத்துதல் ஒன்று, சமன்பாடு இரண்டு, வடிவியல் ஒன்று, முந்திய வாரம் தவறாகப் போட்டது ஒன்று.

மூன்றாவது, வடிவியலில் தேற்றத்தை மனப்பாடம் செய்யாமல் நிறுவப் பழகுதல். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை எடுத்துக்கொள்வோம். பரிதியில் உள்ள அப்புள்ளியை வட்டத்தின் மையத்தோடு இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் தோன்றும். அவற்றின் அடிக்கோணங்கள் முறையே அ, அ என்றும் இ, இ என்றும் இருக்கட்டும். பெரிய முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 2அ + 2இ = 180; ஆகவே அ + இ = 90. வடிவியலுக்கு இயற்கணிதம் கை கொடுப்பதை இங்கே காணலாம். புத்தகத்தை மூடி வைத்து இதனை வீட்டாருக்கு விளக்க முடிந்தால் பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

ஊருக்குச் செல்வோர் இவற்றையெல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. புதுதில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஒருபுறமிருந்து மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விரைவு வண்டியும், எதிர்ப்புறமிருந்து 43 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சரக்கு வண்டியும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் சந்திக்கும்? இருபது மணி என விடை கண்ட பிள்ளை, அவ்விடம் நாகபுரிக்கு அப்பால் உள்ளது என்பதையும் கால அட்டவணையில் தேடிக் காணட்டும்.

பாட்டி வாசலில் இடும் கோலமும் பாடமே. ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தில் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என அமையும், கூடுதல் 25. நடுவரிசை வரை 16, எஞ்சியவை 9. இரண்டும் அடுத்தடுத்த எண்களின் வர்க்கங்கள். ஒன்பது புள்ளிக்கு 25 + 16 = 41. இதனை எத்தனை புள்ளிக்கும் பொருந்தும் வாய்பாடாக எழுதச் சொல்லுங்கள். ஏழு முதல் நான்கு வரை இடைப்புள்ளி வைத்தால் 37 வருவதேன் என்பது அடுத்த வினா. தென்னை மரத்தின் உயரத்தையும் நிழலால் அளக்கலாம். கோடை நண்பகலில் தமிழ்நாட்டில் கதிரவன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால் நிழல் மிகக் குறுகும். ஆதலால் மாலை நான்கு மணிக்கு அளப்பது நன்று. ஒரு மீட்டர்க் கோலின் நிழல் 1.2 மீட்டராகவும் மரத்தின் நிழல் 18 மீட்டராகவும் இருப்பின், மரம் 15 மீட்டர். வடிவொத்த முக்கோணம் இவ்வாறு தோப்பிலேயே விளங்கிவிடும்.

'நாங்கள் தமிழில் படித்தவர்கள், பிள்ளைகளோ ஆங்கிலத்தில் படிக்கின்றனர், எவ்வாறு உதவுவது?' என்று தயங்கும் பெற்றோர் பலர். தேற்றம் எம்மொழியிலும் ஒன்றே. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை நாம் கர்ணம் என்கிறோம். இந்தியிலும் அது கர்ணமே. நீங்கள் சமன்பாடு என்று சொல்ல, பிள்ளை அதற்குரிய பள்ளிச் சொல்லைக் கூறட்டும். கணக்கோடு தமிழும் வளரும். கணிதம் அறவே மறந்த பெற்றோரும், 'இந்தப் படி எப்படி வந்தது?' என்று கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறுவதே சிறந்த பயிற்சி.

ஒன்று மட்டும் வற்புறுத்த விரும்புகிறோம். ஊரில் உறவினர் கூடும்போது மகன் முற்றத்தில் கணக்குப் போட, மகள் அடுக்களைக்கு அழைக்கப்படுவதைக் காண்கிறோம். அந்த அரைமணி நேரம் இருவருக்கும் உரியது.

நம் சங்கத்தில் ஓய்வுபெற்ற பொறியாளரும் கணக்காளரும் ஆசிரியரும் உள்ளனர். ஊருக்குச் செல்லாத பிள்ளைகளை வாரம் ஒரு மாலை அவர்கள் கூட்டி வைத்துக் கற்பித்தால் அதனினும் நல்ல தொண்டு வேறில்லை. விருப்பமுள்ள அன்பர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்குவார்களாக.