வாயில் திறந்த பின்னர் ஆடிய ஆட்டம்

உதைபந்தாட்டத்தில் ஒரு கழகம் மேற்பிரிவுக்கு ஏறுவதென்பது நாம் அறிந்த காரியந்தான். கீழ்ப்பிரிவிலே ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் ஆடி முன்னிலை பெற்ற கழகம் மறு ஆண்டு மேலே செல்லும். மேலே ஈற்றில் நின்ற கழகம் தலை குனிந்து கீழே இறங்கும். கால் பலத்தால் ஏறுவதும் கால் சோர்ந்தால் இறங்குவதுமான இந்த நியாயம் உலகெங்கும் செல்லுபடியாகும் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழையென்பதை, 2018ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், ஒரு மைதானத்தின் படிக்கட்டில் அமர்ந்திருந்து தெரிந்துகொண்டேன்.

அவ்வாண்டு வசந்த காலத்தில் என் மகளின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். வீடு பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் இருந்தது. சனிக்கிழமை ஒன்றில் வீதியால் பெருங் கூட்டமொன்று செம்மஞ்சளும் நீலமுமான சால்வைகளைக் கழுத்திலே சுற்றிக்கொண்டு, பறையை ஒத்த ஒரு மேளத்தை முழக்கியபடி சென்றது. தேர்த் திருவிழாவுக்குப் போகும் சனம்போல் குழந்தைகளும் கிழவர்களும் அதனுள் இருந்தனர். எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். "பந்தடிக்கு அப்பா" என்றாள் மகள். அமெரிக்கர் பந்தடிக்கு இவ்வளவு திரளுவார்களா என்று வியந்து நானும் பின்னால் நடந்தேன். அன்று தொட்டு அப்பருவம் முடியும்வரை அம்மைதானத்துக்கு நான் போகாத ஆட்டங்கள் சிலவே.

மைதானத்தின் பெயர் நிப்பேர்ட். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, நிலத்தைத் தோண்டி இறக்கிய கிண்ணம்போல் அமைந்தது. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1923ஆம் ஆண்டு அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்தில் காயமுற்ற ஜிம்மி நிப்பேர்ட் என்ற மாணவன், அக்காயத்தினால் இரத்தம் நஞ்சாகி இறந்தான். சவர்க்கார உற்பத்தியிற் பேர் பெற்ற புரொக்டர் அண்ட் காம்பிள் குடும்பத்தைச் சேர்ந்த அவனது பாட்டனார் ஜேம்ஸ் காம்பிள், பேரனின் நினைவாகப் பொருள் வழங்கி மைதானத்தைக் கட்டி முடிக்க உதவினார். இரவல் இடந்தான், நம் கழகத்துக்குச் சொந்தமன்று. (நம் கழகம் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

எப்.சி. சின்சினாட்டி என்ற இக்கழகம் 2015ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, 2016ஆம் ஆண்டு யுனைட்டட் சொக்கர் லீக் என்ற சிறு பிரிவிலே ஆடத் தொடங்கியது. அந்நாட்டில் முதல் முழுத் தொழில்முறை பேஸ்போல் அணியை 1869இல் திரட்டிய நகரம் இது. அங்கே உதைபந்துக்கு யார் வருவார் என்று பலர் ஐயுற்றிருப்பர். முதலாண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி பதினேழாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். மறு ஆண்டு இருபத்தோராயிரம். 2018இல் இருபத்தையாயிரத்து எழுநூற்றைத் தாண்டியது. மேற்பிரிவுக் கழகங்கள் பல காணாத கூட்டத்தைச் சிறு பிரிவுக் கழகமொன்று கண்டது.

2017ஆம் ஆண்டின் தேசியக் கிண்ணப் போட்டி, எல்லாப் பிரிவினரும் கலந்து மோதும் விலகல் முறைப் போட்டி, இக்கழகத்தின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. ஜூன் மாதத்தில், அயல் நகரமான கொலம்பஸின் மேற்பிரிவு அணியை ஒரு கோலால் வென்றனர். அதே மாதத்தில் சிக்காகோ பயர் அணியுடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தைப் பெனல்டி உதைகளில் கைப்பற்றினர். அன்று கோல் காப்பாளர் மிச் ஹில்டெபிராண்ட் மூன்று உதைகளைத் தடுத்தார். ஒகஸ்ட் 15ஆந் தேதி அரையிறுதியில், முப்பத்துமூவாயிரம் பேர் முன்னிலையில், நியூ யோர்க் ரெட் புல்ஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் முன்னணியில் நின்று, மேலதிக நேரத்தில் 3க்கு 2 எனத் தோற்றனர். நான் காணாத ஆட்டம் அது. ஆயினும் மைதானத்தில் அருகிருந்தோர் அதனைப் பத்துத் தடவையேனும் எனக்குச் சொல்லியிருப்பர். தோற்ற ஆட்டத்தை இத்தனை ஆசையோடு சொல்பவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இனி அந்நாட்டு ஒழுங்கைச் சொல்ல வேண்டும். மேஜர் லீக் சொக்கர் எனப்படும் மேற்பிரிவுக்கு அங்கே படி கிடையாது; வாயில் மட்டுமே உண்டு. கீழே முதலிடம் பெற்றாலும் ஒருவரும் ஏற முடியாது. மேலே கடைசியில் நின்றாலும் ஒருவரும் இறங்கார். உள்ளே வர விரும்புவோர் நகர வளம், உடைமையாளரின் செல்வம், புதிய மைதானத்துக்கான உறுதி ஆகியவற்றைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். நுழைவுக் கட்டணமும் செலுத்த வேண்டும். சின்சினாட்டிக்கு அக்கட்டணம் பதினைந்து கோடி டொலர் எனப் பத்திரிகைகள் எழுதின. 2018 மே 29ஆந் தேதி, லீக்கின் ஆணையாளர் டொன் கார்பர் நேரில் வந்து, பழைய ஜெர்மானியக் குடியேற்றப் பகுதியிலுள்ள மதுவடிசாலை ஒன்றில், 2019ஆம் ஆண்டு முதல் சின்சினாட்டி மேற்பிரிவில் ஆடும் என அறிவித்தார். வீதியெல்லாம் செம்மஞ்சட் புகை. என் மகளின் வீட்டெதிரே ஓர் இளைஞன் காரின் மேலேறி நின்று கூத்தாடினான்.

எனக்கு மட்டும் ஒரு குழப்பம். பருவத்தின் பெரும்பகுதி இன்னும் மீந்திருக்கிறது. அதை ஆடப்போகிறவர்கள் எதற்காக ஆடுவார்கள்? வென்றாலும் வாயில் திறந்தது திறந்ததுதான், தோற்றாலும் மூடாது. இன்னும் ஒன்று: மேற்பிரிவுக்குச் செல்வது கழகம், அதன் பெயரும் சட்டையும் சால்வையும் இரசிகர் கூட்டமும். ஆட்டக்காரரெல்லாம் செல்வர் என்று எவரும் உறுதி கூறவில்லை. ஒவ்வொரு வீரனும் தன் வேலைக்கான பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தான். தாள் திருத்துபவரோ புள்ளிப் பட்டியலைப் பார்க்க வேண்டிய கடப்பாடு இல்லாதவர்.

அவ்வளவு அறிந்தும் அவர்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பயிற்றுநர் அலன் கொக், தென்னாபிரிக்கர், ஆரவாரமற்ற மனிதர். அவருடைய அணி 34 ஆட்டங்களில் 23இல் வென்று, எட்டைச் சமன் செய்து, மூன்றில் மட்டுமே தோற்றது. 77 புள்ளிகள், அந்த லீக்கில் அதுவரை எக்கழகமும் எட்டாத தொகை. தொடர்ந்து 23 ஆட்டங்களில் தோல்வியைக் காணவில்லை. ஆர்ஜென்டீனரான எமானுவெல் லெடெஸ்மா 16 கோல்களைப் போட்டதோடு 16 கோல்களுக்கு வழியும் அமைத்து, லீக்கின் தலைசிறந்த வீரரானார். அவருடைய இடது காலைப் பார்ப்பதற்கென்றே டிக்கட் வாங்கலாம். பந்தைத் தடவி விட்டதுபோல் இருக்கும், அது தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். பின்களத்தில் நெட்டையரான பொரெஸ்ட் லாசோ, அவ்வாண்டின் சிறந்த பின்கள வீரர் எனப் பெயரெடுத்தார். நடுக்களத்தில் கோர்பன் போன் ஓயாது ஓடினார். கோல் வாயிலில் எவன் நியூற்றன். முன்னணியில் டென்மார்க்கர் டனி கேனிக். ஆண்டின் நடுவே, மேற்பிரிவுக்கென்றே ஒப்பந்தமான பனெண்டோ ஆடியும் பட்டாய் அலாஷேயும் வந்து சேர்ந்தனர். ஒரே சட்டை அணிந்து ஒரே பந்தை ஆடியவர்களுள் இருவருக்கு மறு ஆண்டு எழுதப்பட்டிருந்தது, ஏனையோர்க்கு எழுதப்படவில்லை. அப்படியிருந்தும் பந்தைப் பகிர்ந்துகொள்வதில் யாதொரு வஞ்சகத்தையும் என் கண்கள் காணவில்லை.

என் ஆசனத்துக்கு அருகே ஒரு முதியவர் வருவார், கறுப்பினத்தவர், என்னிலும் சில வயது மூத்தவர். கழகத்தின் சால்வையை மடித்து மடியில் வைத்திருப்பாரேயன்றிக் கழுத்தில் அணிய மாட்டார். காரணத்தைக் கேட்க எனக்கு மூன்று மாதம் சென்றது. அவர் வெஸ்ட் எண்ட் பகுதியிற் பிறந்தவர். 1950களின் இறுதியில், நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்குமாக அப்பகுதியின் கென்யன்-பார் என்ற பாகத்தை நகர நிர்வாகம் இடித்துத் தள்ளிற்று. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வீடிழந்தனர். எஞ்சிய வெஸ்ட் எண்டிலேதான் இப்போது கழகத்தின் புதிய மைதானம் எழவிருந்தது. அதற்காக டாப்ட் உயர்தரப் பாடசாலை மாணவர் விளையாடிவந்த ஸ்டார்ஜெல் மைதானம் அகற்றப்பட்டு, அயலிலே வேறொன்று கட்டித் தரப்படும் என்பது ஏற்பாடு. 2018 ஏப்பிரலில் நகர சபை ஐந்துக்கு நான்கு வாக்குகளால் இசைவு தந்தது. சபையே பாதிக்குப் பாதியாகப் பிரிந்து நின்றதென்றால் மக்களைச் சொல்ல வேண்டுமா?

மைதானம் இல்லையேல் மேற்பிரிவு இல்லை. அந்த இடம் இல்லையேல் மைதானமும் கடினம். ஆகவே பெரியவர் ஆட்டத்தை விரும்பினார். ஆட்டம் எதைக் கொண்டுவரும் என்பதை விரும்பவில்லை. லெடெஸ்மா கோல் போட்டால் எழுந்து நின்று கைதட்டுவார். பிறகு உட்கார்ந்து சால்வையை மறுபடி மடிப்பார். தம் தாயார் ஒரு சமையற் பாத்திரப் பெட்டியோடு வீதியில் நின்ற காட்சி தமக்கு நினைவிருக்கிறதென்று ஒருமுறை சொன்னார். வீடும் ஊரும் இழந்தவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவருக்கு ஆறுதலாக எதையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரைநேர இடைவேளையில் இருவரும் கோப்பி குடித்தோம்.

முதலிடம் பெற்றபின்னும் கிண்ணத்துக்கான விலகல் முறை ஆட்டங்கள் இருந்தன. முதலில் நாஷ்வில் அணி. 1க்கு 1 என முடிந்த அந்த ஆட்டத்தைப் பெனல்டி உதைகளில் தப்பிப் பிழைத்து வென்றோம். அடுத்து ஒக்டோபர் 27ஆந் தேதி, சனிக்கிழமை. எதிரணி ரெட் புல்ஸின் இரண்டாம் அணி. ஆம், முந்திய ஆண்டில் கிண்ணக் கனவைக் கலைத்த அதே நியூ யோர்க் கழகத்தின் பயிற்சிப் பிள்ளைகள்! மூத்தோர் தட்டிப் பறித்ததைப் போன ஆண்டில் பார்த்த கூட்டம், இவ்வாண்டு இளையோரைப் பழி தீர்க்கலாமென்று வந்திருந்தது.

அவ்வாட்டத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஒரு கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. தோல்வியையே மறந்திருந்த அணி, தன் சொந்த வீட்டில், இருபது வயதுப் பிள்ளைகளிடம் முடிந்துபோயிற்று. மத்தியஸ்தரின் ஊதல் கேட்டபின் சற்று நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இது துக்கமா? அடுத்த மார்ச்சில் பெரிய லீக்கில் ஆடப்போகிற கழகத்துக்கு இது ஒரு பொருட்டா? பின்னர் வடக்குக் கோடியிலிருந்த ஆதரவாளர் பகுதியில் பாட்டு எழுந்தது. அது பரவியது. ஆட்டக்காரருக்கு விடை கொடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்களுள் யார் போவார், யார் நிற்பார் என்று தெரியாமையால் எல்லோருக்கும் சேர்த்து விடை கொடுத்தார்கள். என் பக்கத்திலிருந்தவர் சால்வையை விரித்துத் தலைக்கு மேலே பிடித்தார். அவர் அதை விரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லெடெஸ்மா, போன், லாசோ முதலிய சிலர் மேலே சென்றனர். நியூற்றனும் கேனிக்கும் செல்லவில்லை. சென்ற லாசோவுக்கும் ஆடச் சந்தர்ப்பம் அதிகம் கிட்டாமல் மறுபடியும் சிறு பிரிவுக்கே திரும்பினார். அங்கே மீண்டும் புகழோடு ஆடினார். மேற்பிரிவின் முதல் ஆட்டத்தில் சியாட்டிலிடம் 4க்கு 1 எனத் தோல்வி. 2019 மே மாதம் கொக் விலக்கப்பட்டார். 77 புள்ளிகள் எடுத்து முழுதாக ஏழு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. அவ்வாண்டு 34 ஆட்டங்களில் ஆறே வெற்றி. 75 கோல்களை வாங்கி, லீக்கின் வரலாற்றிலேயே அதிகம் வாங்கிய அணி என்ற பெயரும் வந்தது. 2019, 2020, 2021 ஆகிய மூன்றாண்டும் கடைசி இடம். இறக்கும் வழக்கம் இருந்திருந்தால் முதலாண்டே இறங்கியிருப்பார்கள். காசு திறந்த கதவு, தோல்வி வந்தபோது காவற் கதவாகவும் நின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் காலம் கிடைத்தது. 2023ஆம் ஆண்டு, லூசியானோ அக்கோஸ்ட்டா என்னும் மற்றோர் ஆர்ஜென்டீனரின் தலைமையில், 69 புள்ளிகளோடு முழு லீக்கிலும் முதலிடம் பெற்றனர்.

புதிய மைதானம் 2021 மே மாதம் வெஸ்ட் எண்டில் திறக்கப்பட்டது. இருபத்தாறாயிரம் ஆசனங்கள், படத்தில் பார்க்க மிக அழகாயிருக்கிறது. அதற்கு முன்பே, அதையடுத்த சில குடியிருப்புகளைக் கழகம் வாங்கியதால் வாடகைக்கு இருந்தோர் வெளியேற நேர்ந்த செய்தியையும் படித்தேன்.

2023இன் வெற்றிச் செய்தி வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள், நகரமே செம்மஞ்சளாயிருக்கிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அணியின் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தேன். நிப்பேர்ட்டில் அந்த 77 புள்ளிகளை எடுத்தவர்களுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. பெரியவரைத் தெரியுமா, இன்னும் ஆட்டத்துக்கு வருகிறாரா என்று மகளிடம் கேட்டேன். எந்தப் பெரியவர் என்று கேட்டாள். அவருடைய பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை.