ஊர்க் கல்லும் பள்ளிப் புத்தகசாலையும்

வானம் பார்த்த பூமியாகிய திருச்சுழியில், திருமேனிநாதர் ஆலயத்தில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று ஒரு மாணாக்கன் வினவினால், "பரீட்சைக்கு வராது" என்று அவன் வாயை அடைத்துவிடலாமா?

இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் 2010-இல் தோன்றிய தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நல்வழி காட்டியது. ஆசிரியர் பழைய எழுத்துக்களைப் படிக்கப் பழக்கினார். மாணாக்கர்கள் ஊர்ச் சரித்திரத்தைத் தாமே தேடலாயினர்.

கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்குத் தலைமை ஏற்றவர் சீர்காழி ரங்கநாதன். வாசகன் ஒவ்வொருவனுக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பதை 1931-இல் அவர் ஒரு விதியாகவே வகுத்தார்.

திருச்சுழிச் சிறுவனுக்கு உரிய நூல் கல்வெட்டுத் தொகுதி. அதை எடுத்துக் கொடுக்கப் புத்தகசாலை அலுவலரும், அவன் எழுதியதைக் கல்லோடு ஒப்பிட்டுத் திருத்த ஆசிரியரும் வேண்டும். இவ்விருவரையும் நம் பள்ளிகளுக்குக் கேட்டுப் பெறுவது பெற்றோராகிய நமது கடமை.