ஒரு மஞ்சள் விளக்கும் 38,000 ரூபாயும்: ஆக்சிஜன் சென்சார் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் வெங்கட்நாராயணா ரோட்டில், திருப்பதி தேவஸ்தானக் கோயிலைத் தாண்டி சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் அந்த மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி 2014 மாடல் பெட்ரோல் கார். ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் மந்தைவெளியில் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார். பி0420.

"கன்வெர்ட்டர் போச்சு சார். மாத்திடலாம். 38,000 வரும்."

நான் முழித்ததைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இரண்டாவது வழியும் சொன்னார். "இல்லன்னா பின்னாடி சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டுடலாம் சார். 500 ரூபா. லைட்டே வராது. நெறைய பேர் அதான் பண்றாங்க."

இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வந்தேன். அந்த இரண்டு நாள் ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் படித்ததும் நோண்டியதும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பது. பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் வெளியே வரும். காற்று அதிகமானால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். சைலன்ஸர் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் சுத்தம் செய்யும். ஆனால் கலவை அந்த 14.7-ஐ ஒட்டிய ரொம்பக் குறுகிய எல்லைக்குள் இருந்தால் மட்டும்தான். இந்தப் பக்கம் நகர்ந்தால் ஒன்றைக் கோட்டை விடும், அந்தப் பக்கம் நகர்ந்தால் இன்னொன்றை.

அந்த எல்லைக்குள் கலவையைப் பிடித்து வைப்பதுதான் ஆக்சிஜன் சென்சாரின் வேலை. விரல் நுனியில் போடும் தையல் தொப்பி மாதிரி ஒரு சின்ன செராமிக் குப்பி. யிட்ரியம் கலந்த சிர்கோனியம் ஆக்சைடு. உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் இருக்கும், உட்பக்கம் வெளிக்காற்றில் இருக்கும். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால் இந்த செராமிக் ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே நகர விடும். ஒரு பக்கம் ஆக்சிஜன் நிறைய, மறுபக்கம் கிட்டத்தட்ட இல்லை என்றால் நடுவில் மின்னழுத்தம் பிறக்கும். அவ்வளவுதான், அது ஒரு குட்டி பேட்டரி. புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால் (பெட்ரோல் அதிகம்) சுமார் 0.8, 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிஞ்சி இருந்தால் (பெட்ரோல் குறைவு) 0.1 வோல்ட். நடுவில் 0.45.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பழைய வகைச் சென்சாருக்கு "எவ்வளவு" என்று சொல்லத் தெரியாது. உப்பு தூக்கலா, கம்மியா என்று மட்டும் சொல்லும் நாக்கு அது. தூக்கல் என்றால் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும். உடனே கம்மி என்கும், கொஞ்சம் கூட்டும். சூடான என்ஜினில் இந்த ஆட்டம் ஒரு நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் கூட நடக்கும். சராசரியில் கலவை சரியாக வந்து நிற்கும். அளவையும் சேர்த்துச் சொல்லும் அகலப்பட்டைச் சென்சார்கள் பின்னால் வந்தவை.

பாஷ் கம்பெனி இதை 1976-இல் வோல்வோ கார்களில் முதன்முதலாகக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவின் புகை விதிகள்தான் காரணம். நம்மூர்க் கதை கொஞ்சம் தாமதம். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, அப்போது மெட்ராஸாக இருந்த சென்னை, இந்த நான்கு நகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதோடு ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஈயம் பிளாட்டினத்தின் மேல் படிந்து கன்வெர்ட்டரையும் சென்சாரையும் சேர்த்தே கொன்றுவிடும். கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகுதான் இந்தச் சென்சார் பரவலானது. 2010-இல் சென்னைக்கு பி.எஸ். 4 வந்தபோது ஓ.பி.டி. என்கிற சுயசோதனையும் வந்தது. 2013-இல் அதன் இரண்டாம் கட்டம். என் மஞ்சள் விளக்கின் பூர்வீகம் அங்கேதான்.

இனி பி0420-க்கு வருகிறேன். இந்தக் கோடின் அர்த்தம் "கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே" என்பது. ஆனால் கன்வெர்ட்டரை நேரடியாக அளக்க காரில் எதுவும் கிடையாது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். நல்ல கன்வெர்ட்டர், தன்னிடமுள்ள சீரியம் ஆக்சைடில் ஆக்சிஜனைச் சேமித்தும் விடுவித்தும் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். அதனால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் கிடக்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று கணினி முடிவு கட்டும். அது இரண்டு சாட்சிகளை வைத்துச் சொல்லும் தீர்ப்பு. சாட்சி தப்பாகச் சொன்னால் தீர்ப்பும் தப்பு.

ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் வாங்கி, போனில் இரண்டு சென்சாரின் வரைபடத்தையும் பார்த்தேன். ஐடிலில் பின் சென்சார் தாறுமாறாகக் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. ஆனால் 2,500 ஆர்.பி.எம்-இல் இரண்டு நிமிடம் பிடித்தால் 0.68-இல் போய் உட்கார்ந்துகொண்டது. செத்த கன்வெர்ட்டர் 2,500-இல் உயிர் பெறாது.

அப்புறம்தான் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு மெல்லிய "டிக் டிக்" சத்தம் கேட்பது உறைத்தது. பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். சைலன்ஸர் வாயை ஒரு தடித்த ஈரத் துணியால் அரை நிமிடம் அடைத்துப் பிடித்தால் (என்ஜின் ஓடும்போது, திறந்த வெளியில், கையைச் சுட்டுக்கொள்ளாமல்) கசிவு இருக்கும் இடத்தில் புஸ்ஸென்று கேட்கும். கேட்டது. முன் சென்சாருக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில், கேஸ்கெட் ஓரமாகக் கரிக்கோடு.

கசிவில் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். என்ஜின் புகையைத் தொடர்ச்சியாக ஊதுவதில்லை, துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். ஐடிலில் இது அதிகம். வேகம் கூடினால் உள்ளழுத்தம் கூடி உறிஞ்சல் அடங்கிவிடும். என் வரைபடம் சொன்னதும் அச்சு அசல் அதையே.

அதே ஓட்டை முன் சென்சாருக்கு முன்னால் இருந்திருந்தால் கதை மோசம். பெட்ரோல் பத்தவில்லை என்று நம்பி கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், மைலேஜ் விழும், கடைசியில் நல்ல கன்வெர்ட்டரும் வெந்து போகும்.

கேஸ்கெட், இரண்டு புது போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேனர் சொன்னதை அவர் சொன்னார். வரைபடத்தை அவரிடம் காட்டியபோது, "அட, கேஸ்கெட்டா சார்?" என்று அவரே குனிந்து கீழே புகுந்தார். ஸ்பேசர் விஷயம்தான் எனக்கு உறுத்தல். அது சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து, அதன் நாக்கை மரத்துப்போக வைக்கும் வேலை. என் காரில் அதைப் போட்டிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், கசிவு இருந்திருக்கும். பின்னால் கன்வெர்ட்டர் நிஜமாகவே போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

"அதான் வருஷா வருஷம் புகை சர்ட்டிபிகேட் எடுக்கறோமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் எடுத்தேன், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. பாஸ். டாஷ்போர்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். வரை அனுமதி. விதிப்படி 2,500 ஆர்.பி.எம்-இலும் சோதித்து, லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது பாதி நடக்கவில்லை. நைட்ரஜன் ஆக்சைடோ அந்தச் சோதனையிலேயே கிடையாது. நின்ற இடத்தில், சூடான என்ஜினில், ஒரு நிமிடம் பார்க்கும் சோதனை அது.

சென்னைக்குள் ஓடும் காரின் பிரச்சினை அந்த ஒரு நிமிடத்தில் இல்லை, முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. லஸ் முனையிலிருந்து பாண்டி பஜார் நாலு கிலோமீட்டர். சென்சார் 300 டிகிரியைத் தொடாதவரை கணினி அதைக் கேட்காது. அது வரைக்கும் குத்துமதிப்பாக, பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்றும். கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரிக்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் சென்சாருக்குள் ஒரு ஹீட்டர் கம்பி வைத்தார்கள். அந்த ஹீட்டர் போனால் (பி0135 என்று வரும்) நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குப் பெரிதாகத் தெரியாது, புகையின் சூடே போதும். ஆனால் காலையில் கபாலீஸ்வரர் கோயில், மத்தியானம் அடையாறு, சாயந்திரம் ரங்கநாதன் தெரு என்று ஓடி ஓடி நிற்கும் வண்டி, பாதி வாழ்க்கையைக் குருட்டுக் கலவையிலேயே கழிக்கும். சென்சார் முனையில் கரி படியும், படிந்த கரி அதை இன்னும் மந்தமாக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கெடுக்காமல் இருப்பதுதான் பராமரிப்பு. ஹீட்டர் இல்லாத பழைய சென்சார் 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரை வரும். ஹீட்டர் உள்ளவை ஒரு லட்சம், புதிய தட்டை வகைகள் அதற்கு மேலும். கெடுப்பவற்றில் முதலிடம் சிலிக்கான். ஒர்க்‌ஷாப்பில் கேஸ்கெட்டுக்குப் பதில் பிதுக்கும் சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டின் ஆவி என்ஜினுக்குள் போனால், சென்சார் மேல் வெள்ளையாகக் கண்ணாடி மாதிரி படிந்துவிடும். சென்சாருக்குத் தீங்கு செய்யாத பேஸ்ட் தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். 2007-இல் இங்கிலாந்தின் தென்கிழக்கில் பெட்ரோலிலேயே சிலிக்கான் கலந்துபோய், ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே வாரத்தில் திக்கித் திணறி நின்றன. போனது எல்லாம் ஆக்சிஜன் சென்சார்.

இரண்டாவது, இது எனக்குப் புதுசு: உட்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சார்கள் தங்கள் ஒயரின் இழைகள் வழியாகத்தான் மூச்சிழுக்கின்றன. அதனால் கனெக்டரில் துரு எடுக்கும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, கிரீஸ் தடவக் கூடாது, ஒயர் அறுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கூடாது. கழற்றுவதென்றால் என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, பிளவு வைத்த 22 எம்.எம். சாக்கெட்டால். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பெட்ரோலில் ஊறப்போடுவது எல்லாம் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோதும், 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்களைப் பற்றித்தான் பேசினோம். முழுசாக முங்கக்கூட வேண்டாம். பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும் செராமிக்கின் மேல் முழங்கால் தண்ணீர் தெறித்தாலே அது விரிசல் விடலாம். மழைக்காலம் முடிந்து இரண்டு வாரத்தில் விளக்கு எரிந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

ஈ20 பெட்ரோலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு. அதனால் 14.7 என்பது ஈ20-க்குச் சுமார் 13.5 ஆகிறது. இதைப் பங்க்கில் யாரும் காருக்குச் சொல்வதில்லை. புகையை ருசி பார்த்து முன் சென்சார்தான் கண்டுபிடிக்கிறது, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. மந்தமான சென்சார் உள்ள பழைய வண்டி இங்கேதான் திணறும். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் தாங்குமா என்பது வேறு கேள்வி.

மெக்கானிக்கிடம் கிடந்த ஒரு பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி வந்து, இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பின் நீல ஜுவாலைக்குள் நீட்டி மல்டிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம் சுழியம். முனை சிவக்க ஆரம்பித்ததும் 0.7 வோல்ட். ஜுவாலையை விட்டு நகர்த்தினால் சரிந்து விழுந்தது. திரும்ப உள்ளே, திரும்ப 0.7. சமையலறையில் திட்டு விழுந்தது, நியாயமான திட்டு.

கேஸ்கெட் மாற்றிக் கோடை அழித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கன்வெர்ட்டர் சோதனையைக் கணினி மறுபடி தானே ஓட்டி முடிக்க வேண்டும். அதற்கு நன்றாகச் சூடான என்ஜினோடு, சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவில் பத்து நாள் ஓட்டியும் ஆப்பில் "முடியவில்லை" என்றே காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஈ.சி.ஆரில் கிளம்பினேன். முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது முடிந்திருந்தது. விளக்கு இல்லை. பின் சென்சார் 0.66.