விசில் ஊதக் கற்றுக் கொடுத்தவர்

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜா தேசிங்கின் கதையைக் கேட்டு உருகுகிறார்கள். கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிறார்கள். ராஜகிரியின் அடிவாரத்தில், அந்த மகாலோடு சேர்ந்த கட்டடங்களில் தேகப்பயிற்சிக் கூடம் ஒன்றும் இருக்கிறது. படைவீரர்கள் உடலை முறுக்கேற்றிய இடம் என்கிறார்கள். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை அல்லவா? அடுத்த முறை போகும்போது அதையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

அந்த நாளில் தேகப்பயிற்சி என்றால் போர்வீரனுக்குத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, அதுவும் பெண் குழந்தைகளுக்கு, அது எப்படி வந்து சேர்ந்தது? அந்தக் கதையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கருக்கு முக்கியமான இடம் உண்டு.

பக் படித்தது அமெரிக்காவில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கலாசாலையில். கூடைப்பந்து பிறந்த வீடே அதுதான்! 1891 டிசம்பரில், குளிர் காலத்தில் வெளியே விளையாட முடியாத வாலிபர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பத்தடி உயரத்தில் இரண்டு பழக்கூடைகளைக் கட்டினார். பதின்மூன்று விதிகளையும் எழுதினார். பந்து கூடையில் விழுந்தால் யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும்! மறு வருஷமே செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டு போய்விட்டார். 1893-ல் நடந்த அவர்களுடைய முதல் பந்தயத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி கிடையாது!

சென்னைக்கு வந்த பக், நல்ல குழு ஒன்றைத் தயாரித்துக் கோப்பை வாங்குவதோடு நின்றிருக்கலாம். அவர் யோசனை வேறு. ஒரு குழுவுக்குக் கற்றுக் கொடுத்தால் பத்துப் பேர் ஆடுவார்கள். ஓர் ஆசிரியருக்குக் கற்றுக் கொடுத்தால் ஓர் ஊரே ஆடும். 1920-ல் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்காகவே ஒரு கலாசாலையைத் தொடங்கினார். நந்தனத்தில், அடையாற்றங்கரையில் இன்றும் இருக்கிறதே, அதுதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவரே மானேஜர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாவதற்கு முன்னால் நடந்த ஏற்பாடுகளிலும் அவர் உழைப்பு உண்டு.

1940-ல் அந்தக் கலாசாலையின் கதவு பெண்களுக்கும் திறந்தது. 1943-ல் பக் சென்னையிலேயே காலமானார்.

அன்று திறந்த கதவு சின்ன விஷயமா? ஆசிரியை இருந்தால்தானே தாய்மார்கள் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் துணிவார்கள்! பிற்காலத்தில் இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவின் தலைவியாக விளங்கிய தமிழ்நாட்டு அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் பல வீடுகளில், பெண் பெரியவளானதும் முதலில் நிற்பது விளையாட்டுத்தான். பல பள்ளிகளில் பரீட்சை வந்தால் முதலில் பறிபோவது டிரில் வகுப்புத்தான்.

தாய்மார்களே! உங்கள் பெண் சாயங்காலம் காலெல்லாம் புழுதியோடு வீட்டுக்கு வந்தால் கோபிக்காதீர்கள். கால் கழுவத் தண்ணீர் கொடுங்கள், "இன்றைக்கு எத்தனை கூடை போட்டாய்?" என்று கேளுங்கள். நாளைக்கும் அவள் விளையாடப் போவாள்.